இருட்டறைக்கு ஒரு யன்னல்

வீடு கட்டியும் யன்னல் இல்லாமல் இருப்பவர்கள் எங்கள் மத்தியில் பலர் இருக்கிறார்கள். காசு முடிந்துபோனதால் யன்னல் இடைவெளியைக் கல் அடுக்கி அடைத்தவர்கள் சிலர். தகரத்தாலும் சாக்காலும் மறைத்தவர்கள் சிலர். இவர்களோடு, "எனக்கு யன்னலே வேண்டாம்" என்று மேசனிடம் சொல்லிக் கட்டுவித்தவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு சகோதரி, பதினொரு வருடங்களின் பின் அதே சுவரை உடைத்து யன்னல் வைத்த கதைதான் இது.

அவர் கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறோம். வீட்டில் மூன்று பெண்கள். அக்கா, அவரது மாமியார், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த மகள். கணவர் பற்றி 2009 சித்திரைக்குப் பின் எந்தத் தகவலும் இல்லை. அப்போது மகளுக்கு ஒரு வயது.

யன்னல் வேண்டாம் என்ற காலம்

வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தவர்கள் கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கதவு நிலையையும் யன்னல் நிலையையும் பெயர்த்து ஏற்றியவர்களும் உண்டு. அக்கா குடும்பமும் அப்படி ஒரு சோடி யன்னல் கதவை மூன்று இடம் வரை கொண்டு போனது. நாலாவது இடத்தில் அது பதுங்குகுழிக்கு மேல் மூடியாகப் போய்விட்டது. யன்னலைப் பற்றி அக்காவின் மனதில் அதன் பின் எஞ்சியிருந்தது ஒன்றுதான். யன்னல் என்றால் சன்னம் வரும் வழி.

முகாமில் இருந்து 2010 இல் ஊருக்கு வந்தபோது நின்றது தகரக் கொட்டில். சுற்றிவரப் பற்றை. பக்கத்துக் காணிக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. மாமியையும் பிள்ளையையும் நடுவில் படுக்க வைத்து, தலைமாட்டில் கத்தியை வைத்துக்கொண்டு அக்கா விழித்திருப்பார். தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளைக்கூடக் கடதாசி வைத்து அடைத்தாராம். உள்ளே விளக்கு எரிவது வெளியே தெரியக்கூடாது என்று.

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கொடுப்பனவில் வீடு கிடைத்தது 2013 இல். பயனாளிகளே கட்டும் திட்டம் என்றபடியால் படத்தை வைத்துக்கொண்டு மேசனோடு பேசியது அக்காதான். பின் அறைக்குத் தெற்குப் பக்கம் படலையையும் ஒழுங்கையையும் பார்த்தபடி ஒரு யன்னல் கீறப்பட்டிருந்தது.

"அதைக் கல்லு வைச்சுக் கட்டி விடுங்கோ அண்ணை. அந்த அறைக்கு யன்னல் வேண்டாம் எண்டு சொன்னன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏன் எண்டு கேக்கேல்லை. அந்த நேரம் எங்கட ஆக்கள் அப்படிச் சொல்லுறது அவருக்குப் பழகிப்போயிருக்கும்."

அன்றைக்கு அந்த முடிவு பிழையில்லை. மூன்று உயிரைக் காப்பாற்ற ஒரு பெண்ணுக்குத் தெரிந்த வழி அதுதான். இப்படியான முடிவுகளை எடுத்த சகோதரிகள் அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் பயம் குறைந்த பிறகும் சுவர் அப்படியே நின்றுவிடும்.

மகள் கேட்ட கேள்வி

அந்த அறைதான் மாமியினதும் மகளினதும் அறை. பகலிலும் மின்குமிழ் போடாமல் புத்தகம் வாசிக்க முடியாது. மாரியில் உடுப்புகளில் பூஞ்சணம் பிடிக்கும். பக்கத்தில் குசினி. அடுப்பு மூட்டினால் புகை வந்து அறைக்குள் நிற்கும், போக வழியில்லை. மாமிக்கு மார்கழி, தை மாதங்களில் இழுப்பும் இருமலும் விடாது.

விறகடுப்புப் புகையை நாங்கள் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மூச்சு நோய்கள், இருதய நோய், பக்கவாதம், சிறுபிள்ளைகளின் சளிக்காய்ச்சல் என்று இதன் விளைவு பல. காச நோயும் காற்று ஓடாத, வெளிச்சம் படாத அறையில்தான் ஒருவரிலிருந்து மற்றவருக்கு இலகுவாகத் தொற்றுகிறது. காற்றோட்டம் மருந்துக்குப் பதில் ஆகாது. ஆனால் மருந்து எடுப்பவருக்கும் அது வேண்டும்.

2024 இல் மகள் கேட்டார், "அம்மா, இந்த அறைக்கு ஒரு யன்னல் வைப்பமே?"

அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்தக் கதையை எடுக்கவும் விடவில்லை. ஒருநாள் மாமி சொன்னார். "பிள்ளை, வைக்கிறதெண்டா படலைப் பக்கமா வையுங்கோ. நான் படுத்த படுக்கையா இருக்கிறன். அவன் வந்தால் படலையடியில வச்சே எனக்குத் தெரியவேணும்."

மாமி தன் மகனைத்தான் சொன்னார். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் அவரைப் பற்றி யாரும் இப்படிச் சத்தமாகப் பேசியதில்லை.

"எனக்கு ஒழுங்கைப் பக்கம் யன்னல் எண்டாலே நெஞ்சு அடிக்கும். மாமிக்கு ஒழுங்கைப் பக்கம்தான் யன்னல் வேணும். ரெண்டு பேரும் அழுதனாங்கள். பிறகு நான் மேசனைக் கூப்பிட்டன்" என்றார் அக்கா.

எங்கே வைப்பது?

வந்தவர் அதே ஊரில் வேலை செய்யும் மேசன். முதலில் சுவரில் கை வைக்கவில்லை. அறையை அளந்தார். 10 அடிக்கு 10 அடி, நூறு சதுர அடி. தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது யன்னல் இருக்கவேண்டும் என்பது வீடு கட்டுவோரின் கணக்கு. நூறை ஏழால் பிரித்தால் 14 சதுர அடி சொச்சம். 4 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்று யன்னலின் அளவு வந்தது.

காற்றையும் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும். மாரியில் வாடை வடக்கில் இருந்து வரும். ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் காற்று உள்ளே வராது. வரவும் வேண்டும், போகவும் வேண்டும். அந்த அறையின் வாசல் வடக்கில் விறாந்தையைப் பார்த்து இருந்தது. எதிரே தெற்குச் சுவரில் யன்னல் வைத்தால் சோளகம் நேராக ஓடும். மாரி மழை பெரும்பாலும் வடகிழக்கில் இருந்து அடிப்பதால் சாரலும் குறைவு. மாமி கேட்ட பக்கமே காற்றுக்கும் சரியான பக்கமாக இருந்தது.

அடுத்தது கூரை. கூரை வளைகளில் ஒன்று மேற்கு மூலையில் இருந்து 2 அடி தள்ளிச் சுவரில் தங்கியிருந்தது. சுவரின் நடுவில் யன்னலை வைத்தால் அந்தப் பாரத்துக்கு மிகக் கிட்ட வரும். ஆகவே அரை அடி கிழக்கே தள்ளினார்கள். மூலைச் சுவரில் இருந்து குறைந்தது 2 அடியாவது விட்டுத்தான் உடைக்கவேண்டும் என்றார் மேசன். மூலையை வெட்டினால் வீட்டின் பிடிமானமே போய்விடும்.

கடைசியாக உயரம். இதில்தான் அக்காவும் மாமியும் மறுபடி முரண்பட்டார்கள். அக்காவுக்கு யன்னல் உயரத்தில் இருக்கவேண்டும், வெளியில் நிற்பவருக்கு உள்ளே தெரியக்கூடாது. மாமிக்குப் பதிவாக இருக்கவேண்டும். மகள் ஒரு வேலை செய்தார். அப்பம்மாவைக் கதிரையில் இருத்தி, சுவரோடு ஒரு தடியை நிறுத்தி, அவரது கண் வரும் இடத்தில் கோடு போட்டார். அளந்து பார்த்தால் 3 அடி 8 அங்குலம். யன்னலின் அடி 3 அடியில் இருந்தாலே கதிரையில் இருந்து படலை தெரியும். படுத்த படுக்கை என்று சொன்ன மாமி, "அப்ப நான் எழும்பி இருக்கிறன்" என்றார்.

யன்னலை யார் பாவிக்கப் போகிறார்களோ அவரை இருத்தி அளவெடுங்கள். எங்கள் வீடுகளில் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே உயரம் பொருந்தாது.

காசு எங்கிருந்து?

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சீமெந்தும் கம்பியும் விற்கும் விலை எல்லோருக்கும் தெரியும். அக்கா கடன் எடுக்கவில்லை. அவர் ஏற்கெனவே நுண்கடனில் சூடு கண்டவர். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு, எங்கள் பெண்கள் கிழமைக் கட்டுப்பணத்தில் சிக்கியிருந்ததை நாம் கண்டோம். யன்னல் சம்பாதித்துத் தரும் பொருள் அல்ல. அதற்கு வட்டிக்கு எடுத்தால் கட்ட வழி எங்கிருந்து வரும்?

அவர் மாதர் சங்கத்துச் சீட்டில் சேர்ந்தார். முட்டைக் காசு சீட்டுக்குப் போனது. சீட்டு விழும் மட்டும் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தார். பழைய வீடு ஒன்றை இடித்தவர்களிடம் வேப்பமர யன்னல் நிலையும் கதவுகளும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. வேம்பைக் கறையான் இலேசில் தொடாது. அது பழைய யாழ்ப்பாண வீடுகளில் இருக்கும் நாற்கதவு யன்னல். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, தனித்தனியே திறக்கலாம். கீழ்க் கதவைப் பூட்டிவிட்டு மேலே மட்டும் திறந்தால் காற்று வரும், ஆள் தெரியாது.

"அந்தக் காலத்து ஆக்கள் எங்களைப்போலப் பொம்பிளையளை நினைச்சுத்தான் செய்திருக்கினம்" என்று அக்கா சிரித்தார்.

லின்டல் இல்லாமல் உடைக்காதீர்கள்

இதை எல்லாச் சகோதரிகளும் கவனமாக வாசிக்கவேண்டும். சுவரில் ஓட்டை போடுவது இலகு. அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும் கல்லும் கூரையும் எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. அதே கிராமத்தில் ஒரு வீட்டில், கூலிக்கு வந்தவர் கீழேயிருந்து அலவாங்கால் இடிக்கத் தொடங்கி, மேல் வரிசைக் கற்கள் நாலைந்து ஒன்றாக விழுந்திருக்கின்றன. நல்லகாலம், கீழே யாரும் இல்லை. சுவரில் படிக்கட்டுப் போல வெடிப்பு இன்றும் இருக்கிறது.

யன்னலுக்கு மேலே குறுக்காகக் கிடந்து பாரத்தை இரண்டு பக்கச் சுவருக்கும் கொண்டுபோவதுதான் லின்டல். 4 அடி இடைவெளிக்கு லின்டல் 4 அடி போதாது. இரண்டு பக்கமும் 9 அங்குலம் சுவருக்குள் தங்கவேண்டும். ஆகவே ஐந்தரை அடி. சுவரின் மொத்தம் 6 அங்குலம், லின்டலின் உயரமும் 6 அங்குலம். கீழ்ப்பக்கம் 12 மில்லிமீற்றர் கம்பி இரண்டு, மேற்பக்கம் 10 மில்லிமீற்றர் கம்பி இரண்டு, 6 மில்லிமீற்றர் கம்பியால் அரை அடிக்கு ஒரு வளையம். கம்பிக்கு எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கொங்கிறீட் மூடியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கறள் பிடித்து வெடிக்கும். கூரைப் பாரம் கூடிய வீட்டுக்கும் அகலமான யன்னலுக்கும் இந்தக் கணக்கு மாறும். அதற்கு பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்பது நல்லது.

அக்கா வீட்டு லின்டலை முற்றத்தில் பொலித்தீன் விரித்து, பலகை அடித்து வார்த்தார்கள். ஒரு தாச்சி சீமெந்துக்கு இரண்டு தாச்சி மணல், நாலு தாச்சி சல்லி. மொத்தத்தில் கால் பை சீமெந்துதான் போனது. கொங்கிறீட் ஈரமாக இருக்கும்போதே மகள் ஆணியால் அதில் "மேல்" என்று எழுதினார். விளையாட்டுக்கல்ல. கீழ்ப்பக்கத்தில்தான் பெரிய கம்பி. தூக்கும்போது தலைகீழாக மாறினால் லின்டலின் பலம் குறைந்துவிடும்.

பதினான்கு நாள் சாக்குப் போட்டு, காலை மாலை தண்ணீர் ஊற்றியது மாமி. தடியை ஊன்றிக்கொண்டு வந்து, செம்பால் ஊற்றுவார். கொங்கிறீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீர் குடித்துத்தான் இறுகுகிறது. தண்ணீர் விடாத கொங்கிறீட் பார்வைக்குக் கல்லாக இருக்கும், பாரம் வந்தால் பிளக்கும்.

சுவர் உடைத்த நாள்

முதலில் அந்தச் சுவரில் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, பிரதான ஆளியை நிறுத்தினார்கள். அறைச் சாமான்களை வெளியே எடுத்தார்கள். யன்னல் வரப்போகும் இடத்தை நூல் பிடித்து உள்ளும் வெளியும் கீறினார்கள். லின்டல் வரும் இடத்துக்கு மேலே சுவரில் இரண்டு துளை போட்டு, 4 அங்குலக் கட்டைகள் இரண்டைக் குறுக்காகச் செருகி, உள்ளேயும் வெளியேயும் முட்டுக் கொடுத்தார் மேசன். இப்போது மேற்சுவரின் பாரம் அந்தக் கட்டைகளில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் ஒரு வரிசைக் கல்லை உளியால் மெல்ல எடுத்தார்கள்.

ஐந்தரை அடி லின்டல் ஏறக்குறைய 90 கிலோ இருக்கும். இரண்டு பீப்பாயின் மேல் பலகை போட்டு, நாலு பேர் தூக்கி வைத்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள். ஒன்று அக்கா, மற்றது மாதர் சங்கத்துத் தங்கச்சி. வடக்கில் மேசன் வேலை பழகிய பெண்கள் இப்போது இருக்கிறார்கள், அந்தத் தங்கச்சியும் அப்படி ஒருவர். கீழே சாந்து, மேலே இருந்த இடைவெளியில் இறுக்கமான சாந்தும் கற்சில்லும் வைத்து அடித்தார்கள். இந்த இடத்தில் வெற்றிடம் இருந்தால் மேற்சுவர் இறங்கும்.

பிறகு ஏழு நாள் ஒன்றும் செய்யவில்லை. வேலை முடியாத சுவர் நின்றது. "அந்த ஒரு கிழமையும் எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. நிப்பாட்டச் சொல்லுவமோ எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. மேசன் சொன்னாராம், "அக்கா, இன்னும் நான் ஓட்டை போடேல்லை. வேண்டாமெண்டா இப்பவும் பூசி விடலாம். நீங்கள் சொல்லுங்கோ."

அக்கா எட்டாம் நாள் காலை உளியைத் தானே வாங்கினார். லின்டலுக்குக் கீழே முதற் கல்லை அவர்தான் பெயர்த்தார். மேலேயிருந்து கீழே, ஒவ்வொரு வரிசையாக. கல் ஒன்று வெளியே விழுந்ததும் அறைக்குள் ஒரு வெளிச்சக் கட்டி வந்து சுவரில் பட்டது. தூசு அதில் பறந்தது. "அந்தச் சுவருக்கு என்ன நிறம் அடிச்சனான் எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது" என்றார்.

முழுதாக வந்த கற்களை அவர் எறியவில்லை. கோழிக்கூட்டுக்குச் சுற்றுக்கட்டு வந்தது.

நிலையும் கதவும்

நிலையின் சுவரோடு படும் பக்கங்களுக்குத் தார் பூசினார்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்று இரும்புப் பட்டை அடித்து, அவற்றைச் சுவருக்குள் சாந்தில் புதைத்தார்கள். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்தும் பார்த்தார்கள். இரண்டு மூலைவிட்டமும் 5 அடி 3¾ அங்குலம் சரியாக வந்தது. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நிலை சரிந்திருக்கிறது என்று அர்த்தம், கதவு ஒருநாளும் சரியாகப் பூட்டாது. இதைப் பார்க்க மேசனாக இருக்கத் தேவையில்லை. ஒரு நூல் போதும். சாந்து இறுக முன் நீங்களே பிடித்துப் பாருங்கள்.

யன்னல் அடியை வெளிப்பக்கம் சரிவாகப் பூசி, சுவரை விட்டு 2 அங்குலம் நீட்டி, அடியில் ஒரு தவாளிப்பு விட்டார்கள். மழைத் தண்ணீர் சுவர் வழியே வழியாமல் அந்தத் தவாளிப்பில் சொட்டி விழும்.

பாதுகாப்புக்கு 12 மில்லிமீற்றர் இரும்புக் கம்பிகள் 4 அங்குல இடைவெளியில். நடுவில் குறுக்காக ஒரு தட்டையான இரும்புப் பட்டம். கம்பிகள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் கம்பியை வளைத்து இடைவெளி எடுக்கலாம். பிணைச்சல்களையும் கொண்டிகளையும் உள்ளிருந்து மட்டும் கழற்றக்கூடியதாகப் பூட்டினார்கள். நான்கு கதவுக்கும் தனித்தனிக் கொண்டி.

அந்த இரவு

முதல் இரவு அக்கா நான்கு கதவையும் பூட்டினார். பூட்டிய பின்னும் இரண்டு தடவை எழும்பிப் போய்க் கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் இரவும் அப்படித்தான். மூன்றாம் இரவு மாமிக்கு இழுத்தது. மகள் எழும்பி, ஒன்றும் கேட்காமல், மேல் இரண்டு கதவையும் திறந்துவிட்டார். சோளகம் உள்ளே வந்தது. அக்கா விடியும்வரை நித்திரை கொள்ளவில்லை. ஆனால் எழும்பிப் போய்ப் பூட்டவும் இல்லை.

"இப்ப மேல்கதவு இரவிலையும் திறந்துதான் கிடக்கும். பயம் முழுசாப் போகேல்லை. நாய் குலைச்சா இப்பவும் எழும்பி இருப்பன். ஆனால் முந்தி நாய் குலைச்சா ஆர் எண்டு தெரியாமல் சுவருக்குள்ள இருந்து நடுங்குவன். இப்ப பார்க்கலாம். பார்த்தால் பாதிப் பயம் இல்லை."

புகையும் குறைந்தது. குசினிக்கும் ஒரு புகைவாய் வைக்க அடுத்த சீட்டை வைத்திருக்கிறார். மாமியின் இழுப்பு மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். மருந்து தொடர்கிறது. ஆனால் மாமி இப்போது பகலில் படுப்பதில்லை. காலைத் தேத்தண்ணியோடு கதிரையில் யன்னலடியில் வந்து இருந்துவிடுவார். நாங்கள் போனபோது படலை திறக்கும் முன்பே உள்ளிருந்து சத்தம் வந்தது. "பிள்ளை, ஆரோ ரெண்டு பேர் வருகினம். ஒராள் குடை பிடிச்சுக்கொண்டு."

அவர் பார்த்திருக்கும் ஆள் நாங்கள் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எங்களை வரவேற்றார். ஒழுங்கையால் போகும் எல்லோரையும் இப்போது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் யன்னலைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுப் போகிறார்கள். மாலையில் மகள் வகுப்பால் வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் முதலில் கேட்பது மாமிதான்.

அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். மாமி அங்கே இருந்து பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "முந்தியும் அவ பார்த்துக்கொண்டுதான் இருந்தவ. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவ. இப்ப ஒழுங்கையைப் பார்க்கிறா. நானும் வேலை முடிஞ்சால் போய்ப் பக்கத்தில இருப்பன்" என்றார்.

சகோதரிகளே, நினைவில் வைத்திருங்கள்

1. சண்டையில் சேதப்பட்ட பழைய சுவரென்றால் உடைக்க முன் நன்றாகப் பாருங்கள். சுவருக்குள்ளோ அத்திவாரத்தடியிலோ செல் துண்டு, வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம், தட்டவேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ உடனே அறிவியுங்கள்.

2. லின்டல் வைத்து ஒரு கிழமை சென்ற பிறகே கீழே உடைக்கவேண்டும். மேலேயிருந்து கீழே வரவேண்டும். "ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

3. மண் வீட்டுச் சுவரை இந்த முறையில் வெட்ட வேண்டாம். மண் சுவருக்குப் பாரம் குறைந்த சிறிய நிலையும், இரண்டு பக்கமும் ஒரு அடியாவது தங்கும் கெட்டியான மரக்கட்டையும் வேண்டும். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் கூரைக்குக் கீழே எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சாண் உயரத்துக்கு வலை அடித்துத் திறந்துவிட்டாலே சூடும் புகையும் மேலால் போகும்.

4. யன்னல் அடைத்த வீடுகளில் முழுதாகச் சுவர் உடைக்கத் தேவையில்லை. வீட்டுத்திட்ட வீடுகளில் லின்டல் ஏற்கெனவே போட்டிருந்தால், நடுவில் அடுக்கிய கல்லை மட்டும் எடுத்து நிலை வைக்கலாம். லின்டல் இருக்கிறதா என்று முதலில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்.

5. வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். ஒருவருக்குக் காற்று, ஒருவருக்கு வெளிச்சம், ஒருவருக்குப் பாதுகாப்பு, ஒருவருக்குப் படலை. மூன்றரை அடி யன்னலுக்குள் இவை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

யன்னல் வைக்கத் துணியாத சகோதரிகளை நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். உங்கள் சுவர் உங்களுக்குத் தந்த காவலை நாங்கள் அறிவோம். ஆனால் ஒருநாள் பகலில், அந்த இருட்டறைக்குள் போய் நின்று, எந்தச் சுவரில் வைத்தால் நல்லது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உடைப்பது எப்போது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.